நாற்பத்து மூன்று மேற்கோள்கள்

துறைத் தலைவர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பி, ஒரு வரியின் மீது பேனாவால் தட்டினார். "பத்தொம்பது வருஷம், பதினோரு கட்டுரை, மத்தவங்க மேற்கோள் காட்டினது மொத்தம் அம்பத்தெட்டு சைட்டேஷன். அதுல நாப்பத்து மூணு இந்த ஒண்ணுக்கே வந்திருக்கு. இதுதான் மேடம் உங்களைக் காப்பாத்தப் போகுது." பேராசிரியர் பதவிக்கு அவள் விண்ணப்பிப்பது இது மூன்றாம் தடவை. அவளுக்கு நான்கு வருடம் கழித்து வேலையில் சேர்ந்தவர் இந்தத் தலைவர். நல்ல மனிதர், அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. 'உங்கள் சிறந்த ஆய்வு' என்ற இடத்தில் அந்தக் கட்டுரையின் தலைப்பை அவரே நிரப்பி வைத்திருந்தார்.

அந்தக் கட்டுரை தப்பு.

அவளுடைய துறை இயற்கணிதச் சேர்மானவியல். கட்டங்களைப் படிக்கட்டுபோல அடுக்கி, அவற்றுக்குள் எண்களை எத்தனை விதமாக நிரப்பலாம் என்று எண்ணுவதில் தொடங்கி எங்கெங்கோ போகும் கணக்கு. மகள் பிறந்த வருடம், தொட்டிலை ஒரு காலால் ஆட்டிக்கொண்டே ஒரு சூத்திரம் கண்டாள். ஆறு கட்டங்கள் வரை கையால் போட்டுப் பார்த்தாள், சரியாக வந்தது. நிரூபணம் எழுதி அனுப்பினாள், அச்சாகியும் விட்டது. இரண்டு வருடம் கழித்து, எங்கோ வெளிநாட்டிலிருந்த ஓர் ஆராய்ச்சி மாணவர் ஏழு கட்டங்களில் அது உடைவதைக் காட்டினார். அன்றிலிருந்து அந்தப் பக்கம் வருகிற எல்லோரும், அவள் பெயரைப் போட்டு, 'இக்கூற்று பொய்' என்று ஒரு வரி எழுதிவிட்டுத்தான் மேலே போகிறார்கள். நாற்பத்து மூன்று பேர். அப்படியானால் எதுதான் மெய் என்று தேட அவளுக்கு ஆறு வருடம் பிடித்தது. அறுபத்தொரு பக்கத்தில் இன்னொரு கட்டுரை. அதற்கு இரண்டே மேற்கோள். அதில் ஒன்று அவளே காட்டியது.

"கேட்டா சொல்லு," என்றார் கணவர் அன்று மாலை, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே. "கேக்காதப்ப நீயா எதுக்குப் போய்ச் சொல்லணும்? ரெண்டு தடவை உன்னைக் கழிச்சுக் கட்டினவங்களுக்கு என்ன நியாயம் வேண்டிக்கிடக்கு?"

"நியாயம் எல்லாம் இல்லீங்க. நான் உருப்படியா செஞ்சது ஒண்ணே ஒண்ணு. அதை மூலைல போட்டுட்டு இதைக் காட்டி வாங்கணுமா?"

அவர் கடைசிச் சட்டையின் காலரை நீவிவிட்டார். "எனக்கு ரெண்டுமே புரியாது. கிடைக்கலன்னா மூணு மாசத்துக்கு எங்க யாரோடயும் முகம் குடுத்துப் பேச மாட்ட. அது மட்டும் தெரியும்."

நேர்காணல் அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். ஒருவர்கூடக் கணிதக்காரர் இல்லை. தலைமை வகித்த வேதியியல் பேராசிரியர் புருவத்தை உயர்த்தினார். "நாப்பத்து மூணு! உங்க துறைல இது பெரிய விஷயமாமே?"

"தேங்க்ஸ் சார்," என்றாள். இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டோமே என்று காது சூடானது.

"அதுல என்ன கண்டுபிடிச்சீங்கன்னு எங்களுக்கும் புரியற மாதிரி சொல்லுங்களேன்."

வாயைத் திறந்தாள். அந்தப் பொய்யான சூத்திரத்தை எளிமையாக, அழகாக விளக்க அவளால் முடியும். கருத்தரங்குகளில் விளக்கியும் இருக்கிறாள். "கண்டுபிடிச்சதா நினைச்சது தப்பு சார். அந்த நாப்பத்து மூணு பேரும் அது தப்புன்னு சொல்லத்தான் என் பேரைப் போட்டிருக்காங்க."

யாரோ மெல்லச் சிரித்தார்கள். ஓரத்தில் இருந்த பெண் உறுப்பினர், "அப்ப நீங்க அதைத் திருத்தி எழுதியிருக்கலாமே?" என்றார்.

"எழுதினேன் மேடம். அதைத்தான் யாரும் படிக்கல. ரெண்டு நிமிஷம் குடுத்தீங்கன்னா போர்டுல—"

"வெளியில இன்னும் நாலு பேர் காத்திருக்காங்கம்மா," என்றார் தலைமை வகித்தவர் கனிவாகவே. "எப்படியோ, எண்ணிக்கை எண்ணிக்கைதானே." தாளில் ஓர் இடத்தில் டிக் போட்டார். அந்தச் சின்னக் கீறலைத் தடுக்க என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று வீடு வந்து சேரும்வரை அவள் மனதுக்குள் சண்டை போட்டாள்.

பதினைந்து நாளில் ஆணை வந்தது. பதவி உயர்வு. கூட இணைத்திருந்த மதிப்பீட்டுத் தாளில், 'ஆய்வின் தாக்கம்: மிக நன்று' என்றிருந்தது. துறைத் தலைவர் அறைக்கே வந்து கை கொடுத்தார். "நான்தான் சொன்னேன்ல மேடம்! நீங்க உள்ள போய் உளறிட்டு வந்தீங்கன்னு கேள்விப்பட்டதும் எனக்குப் பக்குனு ஆயிடுச்சு." அவள் சிரித்தாள். அவர் போன பிறகு தாடை வலித்தது.

கதவைச் சாத்திவிட்டு, அலமாரியின் அடித்தட்டிலிருந்து அந்த அறுபத்தொரு பக்கத்தை எடுத்தாள். அச்சான பிறகு அதை அவளும் படித்ததில்லை. கோபத்தோடு, குற்றம் கண்டுபிடிக்க வந்தவள்போலப் படித்தாள். முப்பத்தெட்டாம் பக்கத்தில் நின்றாள். 'இதிலிருந்து அடுத்த படி தெளிவு' என்று எழுதியிருந்தது. தெளிவாக இல்லை. முந்தைய பக்கத்துக்குப் போய் மறுபடி வந்தாள். எழுதிய அன்று தெரிந்திருக்க வேண்டும். அல்லது அன்று களைத்துப் போயிருந்திருக்க வேண்டும். எது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. ஒரு வெள்ளைத் தாளை இழுத்துக் கட்டங்கள் போட ஆரம்பித்தாள்.

கைபேசி அதிர்ந்தது. கணவர். செய்தி அவருக்கும் எட்டியிருக்கும். அதிர்வு நின்று மீண்டும் தொடங்க, அது மேசையின் வழுவழுப்பில் நடுங்கி நடுங்கி விளிம்பை நோக்கி நகர்ந்தது. அவள் நிமிராமல் இடது கையால் அதை உள்ளே தள்ளினாள். வலது கை அடுத்த வரிசைக் கட்டங்களை வரைந்துகொண்டிருந்தது.