மூட்டையின் பேரம்

துணிக்கடைக்காரரின் மகளை வகுப்பில் ஒரு நெட்டையன் தினமும் "மூட்டை" என்று சீண்டுவான். இன்று குத்தியே தீருவது என்று, மேசைக்கடியில் காம்பஸைத் திறந்து பிடித்திருந்தாள்.

"ஏய் மூட்டை, தள்ளி உக்காரு! பெஞ்சு உடையப் போகுது."

கையை ஓங்கப் போனவளுக்குக் கடை ஞாபகம் வந்தது. துணி எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் விலையைக் குறைக்க முதலில் அதை மட்டம் தட்டத்தான் செய்வார்கள். அப்பா சிரித்துக்கொண்டே அடுத்த துணியை விரிப்பார். கோபப்பட்டால் பேரம் அவர்கள் கைக்குப் போய்விடும்.

"நேத்தும் இதையேதான்டா சொன்ன. புதுச் சரக்கு எதுவும் வரலையா?" என்றாள்.

வகுப்பே சிரித்தது. நெட்டையன் தானே தள்ளி உட்கார்ந்தான்.

காம்பஸை மடக்கிப் பெட்டிக்குள் போட்டாள். நாளைக்கும் வருவான், வரட்டும். கடையை ஒருநாள்கூட மூடாத வீட்டுப் பெண் அவள்.