பழகினவங்களுக்கு மட்டும்

என் அண்ணன் தோகோன் போன வருஷம் ஒரே ஒரு வார்த்தை சொன்னான்: "இதுல வண்டி கிரீஸ் கலந்திருக்கு." உடனே கஞ்சா வியாபாரி ஷாமிர்பெக் அந்தச் சரக்கைக் கொண்டுவந்தவனின் கையை ஆடு வெட்டும் கட்டைமேல் வைத்து விரல்களை வெட்டினான். நான் அதே முற்றத்தில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். கட்டையிலிருந்து வழிந்ததைக் கொத்த வந்த கோழிகளை விரட்டியதும் நான்தான்.

சூ ஆற்றங்கரையில் கஞ்சாவை யாரும் விதைப்பதில்லை. அது பாட்டுக்கு முளைத்துக் கிடக்கும். இலையைக் கசக்கிப் பிசின் எடுக்காத குடும்பம் எங்கள் ஊரில் குறைவு. அந்தப் பிசினையும் வடித்து எண்ணெயாக்கிக் கொடுத்தால்தான் ஷாமிர்பெக் வாங்குவான். வாங்குவதற்கு முன்னால் தோகோன் அதை இழுத்துப் பார்க்க வேண்டும். இருபது வருஷமாகப் புகைத்துப் புகைத்து அவனுக்கு நாக்கிலேயே தராசு இருந்தது. அவன் நல்லது என்றால் நல்லது. இல்லை என்றால் அன்றைக்கு யாருக்கோ ரத்தம்.

இந்த இலையுதிர்காலத்தில் மழை முந்திக்கொண்டது. என் கணவன் எர்மெக் எடுத்த எண்ணெய் வீரியமில்லாமல் நீர்த்துப் போயிருந்தது. பிஷ்கெக் நகரத்துக்குப் போய்வந்தவன் கையில் ஒரு பொட்டலம் இருந்தது. என்ன என்று கேட்டேன்.

"ஆட்டுக்குப் புழு மருந்து. உனக்கெதுக்கு?" என்றான்.

ஆட்டுக்கு எதையும் அவன் கொடுக்கவில்லை. நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. வாயைத் திறந்தால் அடி விழும் வீடு எங்களுடையது.

எண்ணெயைக் கொடுக்கப் போன அன்று ஷாமிர்பெக்கின் வீட்டில் விருந்து. அவன் தம்பி ஜிர்கல் ரஷ்யாவிலிருந்து வந்திருந்தான். இருபத்திரண்டு வயது, புது தோல் சட்டை, பேச்செல்லாம் மாஸ்கோவைப் பற்றித்தான். ஒரு ஆட்டை அறுத்திருந்தார்கள். நான் கொப்பரைப் பக்கத்தில் உட்கார்ந்து குடல் கழுவிக்கொண்டிருந்தேன்.

எர்மெக் சின்னக் கண்ணாடிக் குப்பியை நீட்டினான். தோகோன் ஒரு சிகரெட்டில் எண்ணெயை மெல்லிசாகத் தடவி, பற்றவைத்து ஒரு இழுப்பு இழுத்தான். அவன் இருமி நான் பார்த்ததே இல்லை; அன்று இருமினான். நெற்றியில் வியர்வை பொடித்தது. கண் என்னைத் தேடி வந்து நின்றது, பிறகு எர்மெக்கிடம் போனது. அந்தப் பொட்டலம் எதில் போனது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. குடல் என் கையிலிருந்து தண்ணீரில் நழுவியது.

"என்னடா, ஊமையாயிட்டியா? சொல்லு" என்றான் ஷாமிர்பெக். அவன் பின்னால் அதே கட்டையில் கோடாலி குத்தியிருந்தது.

"நல்ல சரக்குதான்" என்றான் தோகோன். "ஆனா கொஞ்சம் கடுமை. பழகினவங்களுக்கு மட்டும் குடு. சின்னப் பசங்க கையில போகக்கூடாது."

எர்மெக்கின் தோள் தளர்ந்தது. அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஜிர்கல் சிரித்தான்.

"சின்னப் பசங்கன்னு யாரைச் சொல்றே? என்னையா?"

"உன்னைச் சொல்லலப்பா. பொதுவாச் சொன்னேன்."

"மாஸ்கோல நான் இழுத்ததையெல்லாம் நீ கனவுலகூடப் பாத்திருக்க மாட்டே, கெழவா. குடு இப்படி."

குப்பியைப் பிடுங்கி விரலைவிட்டு வழித்து ஒரு சிகரெட்டில் அப்பினான். தோகோன் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தான். "வேணாம், தம்பி. நான் சொல்றதைக் கேளு." ஷாமிர்பெக் தோகோனின் வயிற்றில் ஓர் உதை விட்டான். "என் தம்பிமேலயா கை வைக்கிறே?" தோகோன் மண்ணில் சுருண்டு கிடந்து மூச்சுக்குத் தவித்தபோது ஜிர்கல் முழு சிகரெட்டையும் இழுத்து முடித்தான்.

முதலில் அவன் சும்மா நின்றான். பிறகு தன் கைகளையே பார்த்துத் தோல் சட்டையைக் கழற்றி எறிந்தான், அதற்குள் ஏதோ ஊர்வதுபோல. வாயோரம் நுரை தள்ளியது. "இவங்க யாரு? அண்ணா, இவங்க எதுக்கு வந்திருக்காங்க?" என்று அண்ணனிடமே கேட்டான். ஷாமிர்பெக் அவன் தோளைத் தொட்டான். ஜிர்கல் தட்டிலிருந்த கறிக்கத்தியை எடுத்து அண்ணனின் தொடையில் குத்தினான், உருவி மறுபடியும் குத்தினான்.

எர்மெக் கதவை நோக்கி ஓடினான். ஓடுகிறவனைத் துரத்தும் நாய் மாதிரி ஜிர்கல் அவன் பின்னால் போனான். தாழ்ப்பாளில் எர்மெக்கின் கை வழுக்கியது. கத்தி முதுகில் இறங்கியது. அவன் திரும்பியபோது கழுத்தில். என் கணவன் கதவோடு சாய்ந்து மெல்ல உட்கார்ந்தான். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். ரத்தம்தான் வந்தது.

அதற்கப்புறம் கத்தி என் பக்கம் திரும்பியது. கொப்பரையிலிருந்த கரண்டியால் கொதிக்கும் குழம்பை அள்ளி அவன் முகத்தில் வீசினேன். அவன் அலறியபடி விழுந்தான். தோகோன் தவழ்ந்து வந்து அவன் முதுகில் ஏறிக் கைகளை முறுக்கினான். கத்தியை நான் கிணற்றில் போட்டேன்.

ஷாமிர்பெக் தொடையைக் கயிற்றால் கட்டிக்கொண்டு தரையில் கிடந்தான். முகம் சுண்ணாம்பாயிருந்தது. "தெரிஞ்சுதானே சொன்னே?" என்று தோகோனைக் கேட்டான்.

"தெரிஞ்சுதான். எர்மெக் கையைக் காப்பாத்தலாம்னு பாத்தேன்."

"அவன் உசுரே போச்சு. என் தம்பி புத்தியும் போச்சு."

போலீஸ் வரும்வரை தோகோன் ஜிர்கலின் மேலிருந்து இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து ஷாமிர்பெக் ஆள் அனுப்பினான். எர்மெக்தான் முதலில் கத்தி எடுத்தான் என்று நான் சொல்ல வேண்டுமாம். சொன்னால் குளிர்காலத்துக்கு நிலக்கரியும் மாவும் வீடு தேடி வரும். விசாரணை அதிகாரியிடம் பார்த்ததை அப்படியே சொன்னேன்: பொட்டலம், குப்பி, தோகோனின் பொய், வெட்டுப்பட்ட விரல்கள். என் கணவன் செய்த கலப்படத்தையும் விடவில்லை. அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு, "யோசிச்சுத்தான் சொல்றியாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த வாரமே எங்கள் தொழுவம் எரிந்தது. ஆடுகள் உள்ளேதான் இருந்தன.

இப்போது தோக்மோக் சந்தையில் சமோசா சுடுகிறேன். ஜிர்கலைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் கட்டிப்போட்டிருக்கிறார்களாம். ஷாமிர்பெக் சிறையில். தோகோனையும் பிடித்தார்கள், சாட்சி சொன்னதால் சீக்கிரம் விட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் அவன் நேராக என் கடைக்குத்தான் வந்தான்.

"உன் புருஷனுக்காகத்தான் பொய் சொன்னேன், புருல்."

"எனக்காகச் சொன்னேன்னு சொல்லியிருந்தா கடப்பாறையால அடிச்சிருப்பேன்."

அவன் அசையவில்லை. ஒல்லியாகியிருந்தான். சந்தை ஜனம் அவனை இடித்துக்கொண்டு போனது. ஒரு சமோசாவைத் தாளில் மடித்து நீட்டினேன். நின்றபடியே சாப்பிட்டான். காரம் போதுமா என்று கேட்டேன்.

"தெரியல. நாக்குல எதுவும் ஒறைக்க மாட்டேங்குது" என்றான்.

இன்னொன்று மடித்துக் கொடுத்து, அடுப்புக்கு விறகு பிளக்கச் சொன்னேன்.