தேதி மாறாத காமிரா

மீனா கொண்டுவந்த காமிராவைக் கையில் வாங்கியதுமே அதன் கோளாறு பாதி அனுசியாவுக்குத் தெரிந்துவிட்டது. பாட்டரி உப்பிப்போய் உறைக்குள் இறுகியிருந்தது. மூடியின் ஓரத்தில் பச்சைக் களிம்பு. தென்காசியில் பதினெட்டு வருஷமாகக் காமிரா பழுதுபார்க்கிறவள் அவள்.

“எங்க வீட்டுக்காரரோடது அக்கா,” என்றாள் மீனா. “பதினஞ்சு வருஷத்துக்கு முன்ன செண்பகாதேவி அருவிக்குத் தனியாப் போனவுக, பாறையில வழுக்கி விழுந்துட்டாவ. காமிராவும் தண்ணியோட போயிட்டுன்னுதான் நெனச்சிருந்தேன். போன வாரம் வெள்ளையடிக்கப் பரணைக் காலி பண்ணுதப்ப, அத்தானோட டிரங்குப் பெட்டியில கெடக்கு.”

அத்தான் என்று அவள் சொன்னது கணவரின் அண்ணன் காந்திமதிநாதனை. கணவர் விஜயசங்கர் இறந்த பிறகும் மீனாவும் மகள் வித்யாலட்சுமியும் அந்த அண்ணன் வீட்டின் பின்கட்டிலேயே குடியிருந்தார்கள்.

“அவுககிட்ட கேட்டியா?”

“கேக்கல. உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டுக் கேக்கலாம்னு.”

மறுநாள் காலை, சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தபோது அனுசியா வேலையைத் தொடங்கினாள். உப்பிய பாட்டரியைக் குத்திவிடாமல் நெம்பி எடுத்து மணல் டப்பாவில் போட்டாள். பச்சை பிடித்த முனைகளை ஸ்பிரிட்டால் துடைத்து, வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தாள். காமிராவுக்கு உயிர் வந்தது. லென்ஸ் பாதி நீண்டு, கரகரவென்று அரைத்து, அப்படியே நின்றது. தூசி தட்டும் ரப்பர் ஊதியால் ஊதினாள். மேசையில் உதிர்ந்தது வீட்டுத் தூசி இல்லை, ஆற்று மணல்.

மெமரி கார்டின் முனைகளை அழிரப்பரால் தேய்த்துக் கம்ப்யூட்டரில் செருகினாள். நாலாவது தடவையில் திறந்தது. வித்யாலட்சுமியின் காதுகுத்துப் படங்கள் வரிசையாக வந்தன. அதன்பின் மலைப்பாதை. பிறகு பாறைமேல் காமிராவை வைத்துத் தானாக எடுக்கவிட்ட படம் ஒன்று. அதில் இரண்டு பேர் தோளோடு தோள் நின்றிருந்தார்கள். ஒருவர் விஜயசங்கர். மற்றவர் அதே சாடையில் கொஞ்சம் மூத்தவர்.

கடைசிப் படம் சாய்ந்திருந்தது. மூத்தவர் மட்டும், மிகக் கிட்டத்தில். வலதுகையை நீட்டியபடி எடுப்பவரை நோக்கி வந்துகொண்டிருந்தார். பிடிக்க நீண்ட கையா, தள்ள நீண்ட கையா என்று அனுசியாவால் சொல்ல முடியவில்லை. முகத்தை மட்டும் வெகுநேரம் பார்க்க முடியவில்லை.

மத்தியானம் அந்த முகமே கடைக்குள் நுழைந்தது. தலைமுடி நரைத்திருந்தது, அவ்வளவுதான். குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“மீனா ஒரு காமிரா தந்திருப்பா. ஊர்ல இதுக்குன்னு இருக்கது உன் கடை ஒண்ணுதானம்மா. படம் ஏதும் கெடச்சுதா?”

திரை அவள் பக்கம் திரும்பியிருந்தது. “இன்னும் லென்ஸே வரல அண்ணாச்சி.”

“அந்தக் காலத்துக் காமிராவுல பாட்டரி தீந்தா தேதி தப்பா விழும், இல்லியா?”

அவள் தேதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. “விழும்,” என்றாள்.

“அப்ப அதுல இருக்க தேதிய நம்பப்பிடாது.” மேசையிலிருந்த காமிராவை எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். “சரிபண்ண முடியாதுன்னு அவகிட்ட சொல்லிரு. நீயும் தனியா கடை நடத்துத பொம்பள. நல்லா இருக்கணும்லா.”

குரல் ஒரு தடவைகூட உயரவில்லை. குடையை விரித்து, தெருவில் நிதானமாக நடந்து போனார். கார்டு கம்ப்யூட்டரிலேயே இருந்தது.

அனுசியா கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மீனாவுக்குப் போன் போட்டாள். ஆட்டோவில் வந்த மீனா இரண்டு படங்களையும் நின்றுகொண்டே பார்த்தாள்.

“அன்னைக்குப் பூரா பாவூர்சத்திரம் மார்க்கெட்டுல இருந்தேன்னு அத்தான் சொன்னாவ. என் முன்னாலதான் சொன்னாவ.” படத்தின் தேதியை விரலால் தொட்டு, “தேதி சரிதானா அக்கா?” என்றாள்.

“கடிகாரம் நின்னிருந்தா காமிரா செஞ்ச வருஷத்து மொத நாளுக்குப் போயிரும். இது போகல. காதுகுத்து முடிஞ்சு ஒம்பதாம் நாள்னு காட்டுது. படத்தோட நம்பரும் விட்டுப்போகாம வரிசையா வருது.”

“அவுக போனது ஒம்பதாம் நாள்தான்,” என்றாள் மீனா. உடனே மகளை அழைத்தாள். “ஏட்டி, எங்கன இருக்க?”

“வீட்டுலதான். பெரியப்பா முற்றத்துல எதையோ சுத்தியல் வச்சு உடைக்காவ. உன்ன எங்கன்னு ரெண்டு மட்டம் கேட்டுட்டாவ.”

“டியூசன் பையத் தூக்கிட்டு அப்படியே வெளிய வா. செருப்பு தேடாண்டாம்.”

அந்தப் பெண் வந்து சேர இருபது நிமிஷம் ஆயிற்று. அதற்குள் மீனாவின் போனில் அத்தான் என்ற பெயர் ஏழு தடவை வந்து வந்து நின்றது. அவள் எடுக்கவில்லை.

மூன்று பேருமாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போன போலீஸ்காரர்கள் அவரை முன்கூடத்திலேயே கண்டார்கள். குளித்து, திருநீறு பூசி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தாராம்.

தம்பியைப் பிடிக்கத்தான் கை நீட்டினேன் என்று முதலில் சொன்னார். பாகப்பிரிவினைப் பேச்சில் கோபம் வந்துவிட்டது என்று பிறகு சொன்னார். மூன்றாவதாக வக்கீல் வந்தார், அதோடு காந்திமதிநாதன் பேச்சை நிறுத்திக்கொண்டார். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. மீனாவும் மகளும் இப்போது வாசுதேவநல்லூரில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். பதினைந்து வருஷமும் அவருக்கு இரண்டு வேளை சோறு பரிமாறியதை மீனா ஒருநாள் அனுசியாவிடம் சொன்னாள்.