சும்மா ஒரு ரவுண்டு

பழைய சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான கோரமண்டல் லைனுக்குள் திரும்புவதற்காக இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டு, பிரேக்கில் கால் வைத்த கிளமெண்ட் திரும்பவில்லை. அவருடைய வீட்டு வாசலில் நீலமும் வெள்ளையுமாக ஷாமியானா கட்டியிருந்தது. அடியில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. ஏணி மேல் நின்று கடைசிக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவர் அவருடைய மச்சான் மாணிக்கராஜ். கிளமெண்ட் இண்டிகேட்டரை அணைத்துவிட்டு நேராகப் போனார்.

பக்கத்து சீட்டை முடிந்தவரை பின்னால் சாய்த்து, தலைக்கு இரண்டு தலையணை கொடுத்து, அவர் மனைவி பாக்கியவதியைப் படுக்க வைத்திருந்தார்கள். கண்ணை மூடியிருந்தாள். போர்வை மெல்ல ஏறி இறங்கியது. உயிரோடு இருக்கும் பெண்டாட்டிக்குச் சாவுப் பந்தல் போட்டிருக்கிறார்கள் என்பது அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. பின்சீட்டில் மகள் லவினா கையால் வாயைப் பொத்திக்கொண்டிருப்பது கண்ணாடியில் தெரிந்தது. அவளும் பார்த்துவிட்டாள். பாக்கியம் பார்க்கவில்லை. இனியும் பார்க்கக் கூடாது. அந்த ஒன்றைத் தவிர அவருக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

“இன்னாங்க,” என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள் பாக்கியம். “நம்ம லைனு தாண்டிட்ட மாரி கீது.”

“சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்னு.”

“இன்னிக்கி ஞாயித்துக்கெழமையா?”

“இல்ல, புதன்.”

“அப்ப லாபம்தான்,” என்றாள். உதடு லேசாக விரிந்தது.

ஒரு வாரமாக ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து தூங்கியதில் கிளமெண்டின் முதுகு மரக்கட்டையாகியிருந்தது. இனி இங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று பெங்களூர் டாக்டர் காலையில் சொல்லிவிட்டார். இன்றைக்கோ நாளைக்கோ என்பதைக் கண்ணாலேயே சொன்னார். ஆம்புலன்ஸ் வேண்டாம், நம்ம வண்டி இருக்கிறது என்று பாக்கியம்தான் பிடிவாதம் பிடித்தாள். என் வீட்டில், என் கட்டிலில் போய்ப் படுக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தாள். அவள் கேட்டது அவ்வளவுதான். அந்தக் கட்டிலை விட்டு இப்போது அவரே அவளைத் தூரமாக ஓட்டிக்கொண்டு போகிறார்.

ஊரிகம் ஸ்டேஷன் பக்கம் கேட் போட்டிருந்தார்கள். வண்டி நின்றதும் லவினா தன் போனை அப்பாவின் தோளுக்குப் பக்கத்தில் நீட்டினாள். மாமாவுக்கு மெசேஜ் அனுப்பியிருந்தாள், பதில் வந்திருந்தது. இன்று முகூர்த்த நாளாம். காலையிலேயே சொல்லிவைக்காவிட்டால் சாயங்காலம் ஒரு முழம் துணி கிடைக்காதாம். கட்டியவர்கள் அடுத்த கல்யாண வீட்டுக்குப் போய்விட்டார்களாம், இனி இவர் ஒருவராகவே அவிழ்க்க வேண்டுமாம், ஒரு மணி நேரமாவது ஆகுமாம். கடைசியில், தங்கச்சி பார்த்துவிட்டாளா என்று கேட்டிருந்தார்.

மாணிக்கராஜ் மீது கோபப்படலாம் என்று பார்த்தார் கிளமெண்ட். கோபத்துக்கும் தெம்பு வேண்டியிருந்தது. லைனில் சாவு என்றால் முதல் ஆள் மச்சான்தான். பெட்டிக்குச் சொல்வது, ஃபாதரைப் பார்ப்பது, குழி வெட்ட ஆள் அனுப்புவது எல்லாம் அவர் தலையில். அவர் அப்பா காலத்துப் பழக்கம் அது. சுரங்கத்தில் சைரன் ஊதி, அடிபட்டவன் இன்னார் என்று தெரிந்தால் போதும், கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆளை மேலே ஏற்றிக் கொண்டுவருவதற்குள் அவன் வீட்டு வாசலில் பெஞ்சு போட்டுவிடுவார்கள். உயிர் இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். சுரங்கம் மூடி எத்தனையோ வருஷமாகிவிட்டது, பெஞ்சு போடுகிற கை மட்டும் அடங்கவில்லை. பெங்களூரிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றால் லைனில் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். பாதி வழியில் முடிந்துவிடும். மச்சான் அந்தக் கணக்கில்தான் ஏணி ஏறியிருப்பார். கூடப் பிறந்தவளுக்குப் பந்தல் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பதற்றத்தில், அவள் கண்ணைத் திறந்துகொண்டே வந்து இறங்கினால் என்ன ஆகும் என்று யோசிக்க அவருக்கு நேரம் இருந்திருக்காது.

மாரிக்குப்பம் ரயில் போனது. கேட் திறந்தது.

“ப்பா, சாரா அத்தை வீட்டுக்கு வேணா போலாமா?” என்றாள் லவினா, குரலை ரொம்பவும் அடக்கி.

அவர் தலையை ஆட்டி மறுத்தார். யார் வீட்டுக் கட்டிலோ அவளுக்கு எதற்கு?

நந்திதுர்க் பக்கம் சயனைட் மேட்டைச் சுற்றிப் போகும்போது பாக்கியம் கண்ணைத் திறந்தாள். சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண், மழையில் அரித்து அரித்து மடிப்பு மடிப்பாக நின்றது. வெயில் சாய்ந்து அதன் ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருந்தது. அவள் அதைப் புதிதாகப் பார்ப்பவள் போலப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

இந்த ரவுண்டு பழக்கத்தை ஆரம்பித்துவைத்தவளே அவள்தான். திங்கள் விடியற்காலை பெங்களூருக்கு டாக்ஸி ஓட்டப் போனால் சனிக்கிழமை ராத்திரிதான் கிளமெண்ட் வீடு திரும்புவார். வாரம் முழுக்கப் பின்னால் யாரோ ஒருவர், முன்னால் போனில் ஒரு பெண் குரல். இருநூறு மீட்டரில் வலது பக்கம் திரும்பு, வந்த வழியே திரும்பு என்று அந்தக் குரல் அவரை மாடு ஓட்டுவது போல் ஓட்டும். ஞாயிற்றுக்கிழமை தூங்கினால் போதும் என்றிருக்கும். ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது பாக்கியம் இறங்கவில்லை. எங்கே போக வேண்டும் என்று கேட்டதற்கு, எங்கும் இல்லை, போய்க்கொண்டே இருங்கள் என்றாள். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்ரோல் என்ன தண்ணியா என்று கத்தினார். அவள் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வேறு வழியில்லாமல் வண்டியை எடுத்தார்.

அன்றிலிருந்து மழையோ வெயிலோ, ஞாயிறு என்றால் ரவுண்டுதான். அதற்குச் சட்டதிட்டம் எல்லாம் உண்டு. போகும் ஊரின் பெயரைச் சொல்லக் கூடாது. பிரியும் இடம் வந்தால் அவள் விரலைத் தூக்கிக் காட்டுவாள், அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். எதற்காக வலது, எதற்காக இடது என்று கேட்கக் கூடாது. முன்னால் போகும் லாரியின் பின்னால் எழுதியிருப்பது பிடித்தால் அதன் பின்னாலேயே போகச் சொல்வாள். ஒரு தடவை ஒரு தக்காளி வண்டியைத் தொடர்ந்து போய், போர்டெல்லாம் தெலுங்காக மாறிய பிறகுதான் ஆந்திராவுக்குள் வந்துவிட்டது தெரிந்தது. அவள் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. போதும், வீட்டுக்குப் போகலாம் என்று அவள் சொல்கிறவரை இன்ஜினை அணைக்கக் கூடாது என்பதுதான் கடைசிச் சட்டம்.

வீட்டில் அளந்து பேசுகிறவள் காரில் ஏறினால் மனசு போன போக்கில் பேசுவாள். வழியில் ஏதாவது பட்டியைப் பார்த்து, இந்த ஊரில் பிறந்திருந்தால் யாரைக் கட்டியிருப்பேன் என்பாள். யாரோ வீட்டுக் கொடியில் காயும் துணியைப் பார்த்து அந்த வீட்டில் எத்தனை பேர், யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் சொல்லிவிடுவாள். ரோட்டுக்கு அடியில் இப்போது சுரங்கத்தின் எத்தனையாவது லெவல் ஓடுகிறது என்று கேட்பாள். அவள் அப்பா கீழே கல் ஏற்றிய டிராம் வண்டி தள்ளியவர். நாம் மேலே போகிறோம், அப்பா நமக்கு நேர் கீழே தள்ளிக்கொண்டு வருகிறார் என்பாள். அவர் எல்லாவற்றுக்கும் ‘ம்’ போட்டுக்கொண்டே ஓட்டுவார். கேட்டதில் பாதி காதில் ஏறியிருக்காது. ஆனால் அந்தச் சில மணி நேரம்தான் வாரத்திலேயே அவர் மூச்சு விட்ட நேரம். அதை அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

பேத்தமங்கலா ரோட்டில் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. பாக்கியத்தின் முகம் சுருங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு சத்தம் வராமல் பார்த்துக்கொண்டாள். லவினா பின்னாலிருந்து அம்மாவின் தோளைப் பிடித்தாள்.

“வலிக்குதா?” என்றார் கிளமெண்ட்.

“வலி எங்க போவப் போவுது. நீங்க போங்க.”

முன்னால் ரோடு பிரிந்தது. போர்வைக்குள்ளிருந்து ஒரு விரல் வெளியே வந்து வலது பக்கம் காட்டியது. அவர் திருப்பினார். இரண்டு பக்கமும் மாந்தோப்பு. கொஞ்ச தூரம் ரோடு மிருதுவாக இருந்தது. அடுத்த பிரிவில் விரல் இடது பக்கம் சாய்ந்தது. அங்கே ஒரு ஏரிக்கரை வந்தது. தண்ணீர் வற்றி நடுவில் மட்டும் கொஞ்சம் கிடந்தது, அதில் எருமைகள் கழுத்து வரை இறங்கி நின்றன. லவினாவின் போன் இரண்டு தடவை அதிர்ந்தது. இன்னும் அரை மணி என்று அவள் கண்ணாடியில் வாயசைத்துக் காட்டினாள். அரை மணி என்றால் இந்த ரோட்டிலேயே போய்த் திரும்பலாம். பந்தலும் இருக்காது, நாற்காலியும் இருக்காது. அவள் கட்டிலில் போய்ப் படுத்துக்கொள்வாள். கர்த்தரே, அதுவரைக்கும் இருக்கட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

“அண்ணன் நீலம் போட்டிருக்குது,” என்றாள் பாக்கியம்.

கிளமெண்டின் கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுபட்டது. வண்டி தானாக வேகம் குறைந்தது.

“எங்கப்பாவுக்கும் நீலந்தான். அம்மாவுக்கு மட்டும் செவப்பு கெடச்சிது.” மூச்சு வாங்கிவிட்டு மறுபடி பேசினாள். “சேரு நெறைய போட்டுட்டாரு. அவ்ளோ ஜனமா வரப்போவுது?”

கிளமெண்ட் அவள் கண் மூடியிருந்தது என்றுதான் நினைத்திருந்தார். அப்போது இமைக்கு இடையில் பார்த்திருக்கிறாள். லைன் தாண்டிவிட்ட மாதிரி இருக்கிறதே என்று ஒன்றும் தெரியாதவள் போல் கேட்டிருக்கிறாள். அவர் மறைத்துக்கொண்டு ஓட்ட, அவரிடமிருந்து அதை மறைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள்.

“பாக்கியம், மச்சான் வந்து… இன்னிக்கி முகூர்த்தம்னு…”

“தெரியும், விடுங்க. அது எங்கண்ணன் இல்ல?” என்றாள். “கழட்டிகினு கீதா?”

அவர் தலையாட்டினார்.

“கழட்ட வாணாம்னு சொல்லு லவினா. பாவம், வயசான காலத்துல மறுபடியும் ஏணி ஏறணும்.”

லவினா போனை எடுத்தாள். எதையோ தட்டினாள், அழித்தாள். பிறகு போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

“வீட்டுக்குப் போலாமா?” என்றார் கிளமெண்ட். “கட்டில்ல படுக்கணும்னியே.”

பாக்கியம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

“கட்டிலு எங்க ஓடிடப் போவுது,” என்றாள். “போயிகினே இருங்க.”

அவர் போனார். கரை முடிந்து ரோடு மேடேறியது. தைலமரங்களின் நிழல் அவள் முகத்தில் விழுந்து விழுந்து போனது. அவர் பேச்சுக்கொடுக்க ஆரம்பித்தார். இத்தனை வருஷமாக ‘ம்’ போட்டு வந்தவருக்கு அன்றைக்குத்தான் பேச வந்தது. ரோட்டோரம் ஓட்டு வீடு ஒன்றைக் காட்டி, இங்கே மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சு கிடையாது போலிருக்கிறது, துணியைத் தனித்தனிக் கொடியில் காயப்போட்டிருக்கிறார்கள் என்றார். இப்போது நமக்குக் கீழே எத்தனையாவது லெவல் என்று கேட்டார். சுரங்கம் இவ்வளவு தூரம் வராது என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டார்.

மேட்டின் உச்சியில் ரோடு இரண்டாகப் பிரிந்தது. கிளமெண்ட் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தார்.

“எந்தப் பக்கம்?” என்றார்.

விரல் போர்வைக்கு வெளியேதான் இருந்தது. அது எழவில்லை. அவள் முகம் அவர் பக்கம் லேசாகத் திரும்பி, கண் பாதி திறந்திருந்தது. போர்வையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் தக்காளிக் கூடை ஏற்றிய லாரி ஒன்று வந்து ஹாரன் அடித்தது, மறுபடியும் அடித்தது. பிறகு ஒதுங்கிப் பக்கத்தில் வந்தது. திட்டுவதற்காகத் தலையை நீட்டிய டிரைவர் காருக்குள் பார்த்துவிட்டு, தலையை உள்ளே இழுத்துக்கொண்டு இடது பக்க ரோட்டில் போய்விட்டான்.

“ப்பா,” என்றாள் லவினா. “அம்மா…”

“தெரியும்மா.”

அவருக்கு அழுகை வரவில்லை. அசதிதான் வந்தது, எலும்பு வரைக்கும். கையை நீட்டி அவள் கண்ணை மூடினார், போர்வையை மார்பு வரை இழுத்துவிட்டார், சீட் பெல்ட் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். எந்தப் பக்கம் என்று இனி அவரேதான் முடிவு செய்ய வேண்டும். அது இத்தனை கஷ்டமான வேலை என்று அதுவரை தெரியாது. கடைசியில் வண்டியைத் திருப்பினார். பள்ளம் வந்த இடங்களில் எல்லாம் வேகத்தைக் குறைத்து, பதனமாக ஏற்றி இறக்கினார்.

கோரமண்டல் லைன் முனைக்கு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. நாற்காலிகள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சுவரோரம் அடுக்கியிருந்தன. பந்தலின் பாதி கீழே வந்துவிட்டது, நீலத் துணி வாசலில் குவியலாகக் கிடந்தது. மாணிக்கராஜ் இன்னும் ஏணி மேல்தான் இருந்தார். காரைப் பார்த்ததும் அவசரம் அவசரமாக மீதிக் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தார். முடிச்சு இறுகியிருந்தது. இன்னும் ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம் என்று கையைக் காட்டினார். தங்கச்சி பார்க்காமல் இருப்பதற்காக ஏணியிலேயே உடம்பைத் திருப்பி, தொங்கும் துணியைத் தன் முதுகால் மறைக்கப் பார்த்தார்.

கிளமெண்ட் இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டார். திரும்பாமல் முனையிலேயே நிறுத்தி, கண்ணாடியை இறக்கினார்.

“கட்டுங்க மச்சான்,” என்றார்.

மாணிக்கராஜ் கயிறும் கையுமாக அப்படியே நின்றார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இண்டிகேட்டர் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. போதும், வீட்டுக்குப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. சாவி மேல் வைத்த கையை கிளமெண்ட் எடுத்துக்கொண்டார்.