பதினைந்தாவது கேள்வி

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. தங்க வயலின் நந்திதுர்க் பகுதியில் இருக்கும் நளினியின் வீட்டுக்கு நான் வேறு வேலையாகப் போயிருந்தபோது, அவள் வடை சுட்டுக்கொண்டே சொன்னது. இதுவரை மூன்று முறை எழுத ஆரம்பித்துவிட்டேன்.

'தங்கச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த அந்த வருடத்தில்—' வேண்டாம். இரங்கல் கூட்டம் மாதிரி இருக்கிறது. நளினி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

'மனித உடலைக் கம்ப்யூட்டர் புரிந்துகொள்ள முடியுமா?' இது பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டி. அடித்தாயிற்று.

நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

2

1998. தங்க வயல் ஆஸ்பத்திரி ஒன்றில் நளினி ரெக்கார்ட் கிளார்க். அங்கே சர்ஜன் டாக்டர் சிரில். அவருடைய சிநேகிதர் மனோகர், கனரக இயந்திரத் தொழிற்சாலையில் இன்ஜினியர். அந்த மனோகர் ஒரு புரோகிராம் எழுதினார். பழைய ஆபரேஷன்களின் விவரங்களைக் கொடுத்தால் அது தானாகவே படித்துக் கற்றுக்கொள்ளும். பிறகு புது நோயாளியைப் பற்றிப் பதினாலு கேள்வி கேட்டு, ஆபரேஷனில் சிக்கல் வர நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று சொல்லும். வயசு, எடை, சர்க்கரை, பீடி, சுரங்கத்தில் எத்தனை வருஷம் தூசி தின்றார், இப்படி.

பதினோரு வருஷ ஆபரேஷன் ரிஜிஸ்டர்களை அதற்கு ஊட்டியது நளினி. எட்டு மாதம். (மனோகர் அதை 'செயற்கை அறிவு' என்பார். நளினி அதை 'நம்ம புள்ள' என்பாள். இந்தக் கதையில் நான் நளினி பக்கம்.)

அவளுடைய அப்பா பாஸ்கரனுக்குக் குடலிறக்கம். முழு மயக்கம் கொடுத்துச் செய்வதாக இருந்தார்கள். ஆபரேஷனுக்கு முதல் நாள் காலையில் அவருடைய விவரங்களைப் போட்டார்கள். 'நாலு' என்றது கம்ப்யூட்டர். நூற்றுக்கு நாலு. டாக்டருக்கு ஏக சந்தோஷம்.

நளினிக்கு இல்லை.

3

ரிஜிஸ்டரில் கடைசிப் பத்தி ஒன்று உண்டு: 'குறிப்புகள்'. அதில் எண்கள் இல்லை, வாக்கியங்கள். புரோகிராமுக்கு வாக்கியம் புரியாது என்பதால் நளினி அந்தப் பத்தியை மட்டும் ஊட்டவில்லை. ஆனால் ஊட்டாவிட்டாலும் படித்திருந்தாள். 'நாட்டு மருந்து சாப்பிடுகிறார்' என்று சில இடங்களில் பார்த்த ஞாபகம்.

மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பழைய ரிஜிஸ்டர்களைப் புரட்டினாள். பத்தொன்பது பேர். அதில் பதினோரு பேருக்கு ஆபரேஷன் மேசையிலேயே பி.பி. தாறுமாறாக ஏறி இறங்கியிருந்தது.

உடனே வார்டுக்குப் போனாள். அம்மா மங்களம் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"நைனா, நீ நாட்டு மருந்து ஏதாச்சும் சாப்பிடறியா?"

"நானா? இல்லியே."

"காலைல பால்ல இன்னாவோ கலக்கிக் குடிக்கறாரே," என்றாள் மங்களம். "கேட்டா சத்து மாவுங்கறாரு."

பாஸ்கரன் சுவரைப் பார்த்தார். பிறகு தலையணைக்கடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மகள் கையில் வைத்தார்.

"பூனைக்காலி விதைம்மா. பேத்தமங்கலாவுல ஒரு வைத்தியர் குடுத்தாரு. கை நடுங்குது எனக்கு."

"ஏன் சொல்லல?"

"இருபத்தாறு வருஷம் வைண்டிங் இன்ஜின் டிரைவர். சுரங்கத்துக்குள்ள கேஜ் கூண்டை எறக்கி ஏத்தற வேலை. ஷிப்டுக்கு ஷிப்டு ஆளுங்க கேஜ்ல ஏறுனா, இந்தக் கைய நம்பிதான் ஏறுனாங்க. அது நடுங்குதுன்னு எந்த வாயால சொல்றது?"

நளினி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். (இந்த இடத்தில் அவள் அழுததாக எழுதி அவளிடமே படித்துக் காட்டினேன். "நான் எங்க அழுதேன்? செம கோவம் எனக்கு," என்றாள். எடுத்துவிட்டேன்.)

4

இங்கே எனக்கு அவள்மேலேயே ஒரு சந்தேகம் வந்தது. ஒரு கிளார்க் சர்ஜனிடம் போய், 'நாளைக்கு ஆபரேஷனை நிறுத்துங்க' என்பாளா? என் முதல் பிரதியில் அவள் கதவருகே தயங்கி நின்றாள், டாக்டர் சீறினார், அவள்—

இல்லை. நடந்தது இதுதான்.

"டாக்டர், நம்ம புள்ளைக்கு ஒரு கேள்வி கம்மியா சொல்லிக் குடுத்துட்டேன். என் தப்பு."

அவள் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் சிரில் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தார். ரிஜிஸ்டரைப் பத்து நிமிடம் படித்தார். பிறகு உட்காரச் சொன்னார்.

"உங்க தப்பு இல்லை, நளினி. அந்தப் பத்தியை விட்டுடலாம்னு சொன்னதே நான்தான். நடுக்கத்துக்கு நாங்க எழுதித் தர்ற மாத்திரை இருக்கே, லெவோடோபா, அதே சரக்கு இந்த விதையிலயும் இருக்கு. வைத்தியர் தப்பா ஒண்ணும் குடுக்கல. ஆனா எவ்வளவு உள்ள போகுதுன்னு தெரியாம மயக்க மருந்து குடுக்கக் கூடாது."

ஆபரேஷன் மூன்று வாரம் தள்ளிப்போனது. பெங்களூர் நரம்பு டாக்டர் ஒருவர் விதைக்குப் பதிலாக அளவான மாத்திரை எழுதினார். மனோகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பதினைந்தாவது கேள்வியைச் சேர்த்தார்: 'வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா? (ஆம் 1, இல்லை 0)' நளினி எல்லா ரிஜிஸ்டரையும் மறுபடி முதலிலிருந்து ஊட்டினாள்.*

* மகிழ்ச்சியாக ஊட்டினாளா என்று கேட்டேன். என்மேல் வடை மாவு தெறித்தது.

5

இந்த முறை முழு மயக்கம் வேண்டாமென்று, இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். அதனால் பாஸ்கரன் மேசையில் முழித்தே கிடந்தார். பயத்தை மறக்கப் பேச ஆரம்பித்தார். வெளியே கதவோரம் நின்ற நளினிக்கு அவர் குரல் நன்றாகக் கேட்டது.

"அன்னிக்கி சுரங்கத்துல நாப்பதாவது லெவல்ல ஆளே இல்ல சார். எல்லாரும் மேல வந்தாச்சு. ஆனா அங்கேருந்து கேஜை அனுப்புன்னு மணி அடிக்குது."

"யார் அடிச்சது?" என்றார் சிரில், கையை நிறுத்தாமல்.

"அத்தத்தான் சொல்ல வரேன். கேஜைக் கீழ விட்டேன். மறுபடி மணி. மேல இழுக்கறேன், பாரமா வருது. சும்மா வர்ற கேஜ் இல்ல அது. மேல வந்து நின்னுச்சு. கேட்டைத் திறக்கப் போறாங்க—"

"டாக்டர், தையல் முடிஞ்சிடுச்சு," என்றாள் நர்ஸ்.

கத்தரித்த நூல் கையில் இருக்க, சிரில் அப்படியே நின்றார். அதற்குள் அடுத்த நோயாளியைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

பி.பி. ஒரு புள்ளிகூட அசையவில்லை. மறுநாள் எல்லா வார்டுக்கும் முன்னால் பாஸ்கரனிடம் வந்தார் டாக்டர். "கேஜ்ல யாரு?"

"இன்னிக்கி களைப்பா கீது சார். நாளைக்கு."

ஐந்து நாளும் அதே பதில். சொல்லாமலே டிஸ்சார்ஜ் ஆகிப் போனார். மங்களத்துக்கும் தெரியாது. மகளுக்கும் தெரியாது.

கதையை முடிக்க வேண்டுமே என்று ஸ்கெலட்டன் என்ற பகுதியில் இருக்கும் பாஸ்கரன் வீட்டுக்கே போனேன். நானாக மூன்று முடிவு எழுதிக் கொண்டுபோயிருந்தேன்: ஒரு ஆடு. எண்ணிக்கையில் விட்டுப்போன ஒரு தொழிலாளி. காலிக் கூண்டு. மூன்றையும் பொறுமையாகக் கேட்டு, மூன்றுக்கும் இல்லை என்று தலையாட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

"வேற யாராச்சும் சொல்லட்டும், பாக்கலாம்."

சொல்லுங்கள். கேஜ் மேலே வந்து நிற்கிறது, பாரமாக. கேட்டைத் திறக்கிறார்கள்.