சுவருக்கு அந்தப் பக்கம்

ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கின் முன் வாயைத் திறந்தவர், ஒரு சொல்லும் சொல்லாமல் மூடிக்கொண்டார். இரைச்சல் திரும்பி வந்திருந்தது.

கூடத்தில் அவர் மனைவியைக் கிடத்தியிருந்தார்கள். விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டாள். வெளிநாட்டிலிருந்து மகள் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிடும். விமான நிலையத்திலிருந்து போனில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அம்மா தினமும் சொல்ற பிரார்த்தனையை நீங்க சொல்லி அனுப்புங்கப்பா. கேட்டுக்கிட்டே வர்றேன்.” விமானம் கிளம்புவதற்குள் அனுப்பியாக வேண்டும்.

பார்வையற்ற பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பது அவர் வேலை. படுக்கையறையை ஒட்டிய சின்ன அறையில், சுவரெல்லாம் பழைய கம்பளிகளைத் தொங்கவிட்டு அதை நடத்திவந்தார். மனைவி படுத்த படுக்கையான புதிதில்தான் அந்த இரைச்சல் வந்து சேர்ந்தது. வாயை மூடிக்கொண்டு யாரோ அடித்தொண்டையில் முனகுவது போல இருக்கும். மைக்கை மாற்றினார், ஒயரை மாற்றினார், லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டிப் பார்த்தார். சோற்றில் கை வைத்தாலும் அதே பேச்சு. அவள் அதற்கு ‘சக்களத்தி’ என்று பெயர் வைத்தாள். ஒருநாள் எர்த் கம்பியைப் புதிதாக இழுத்துக் கட்டியபோது இரைச்சல் சட்டென்று அடங்கியது. ஓடிவந்து சொன்னவரிடம், “ஒருவழியா தொலைஞ்சாளா?” என்று படுத்தபடியே சிரித்தாள். அன்றிலிருந்து பதிவெல்லாம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

இன்றைக்கு எங்கிருந்து வந்தது?

எர்த் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். இறுக்கமாகத்தான் இருந்தது. பதிவு நடப்பதைக் காட்ட, படுக்கையறையிலிருந்தும் தெரியும்படி கதவுக்கு மேலே மாட்டியிருந்த பதிவு விளக்கு எரிய எரியவே வெளியே வந்து, ஃப்ரிட்ஜை நிறுத்தினார். திரும்பிப் போய்க் கேட்டார். போகவில்லை. கூடத்துக்கு வந்து மின்விசிறியை நிறுத்தினார். துக்கத்துக்கு வந்தவர்கள் மேலே பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள். மனைவியின் தம்பி அருகே வந்து தோளில் கை வைத்தான்.

“மாமா, எல்லாரும் வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருக்காங்க. இந்த வேலை இன்னைக்குமா?”

“இன்னைக்குத்தாண்டா” என்றார் அவர்.

மீதி இருந்தது படுக்கையறை ஒன்றுதான். அங்கே இத்தனை நாள் மனைவியைப் பார்த்துக்கொண்ட நர்ஸ், துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் யாரும் இல்லை. ஆனால் விரிப்பு அசைந்துகொண்டிருந்தது. படுக்கைப் புண் வராமலிருக்க வாங்கிப் போட்ட காற்று மெத்தை. ஒரு வரிசை மெதுவாகப் புடைக்க, பக்கத்து வரிசை அமுங்கியது. யாரோ புரண்டு படுக்க இடம் பார்ப்பது போல இருந்தது. கட்டிலுக்கடியில் அதன் மோட்டார் முனகிக்கொண்டிருந்தது.

நர்ஸ் அவர் தலைக்கு மேலாகப் பதிவு விளக்கைப் பார்த்தாள். உடனே குனிந்து ஸ்விட்சுக்குக் கை நீட்டினாள்.

“லைட்டு எரியுதே, கவனிக்கலீங்கய்யா. இன்னைக்கு அக்கா சொல்லலையா, அதான் மறந்துட்டேன்.”

அவருக்குப் புரியவில்லை. நின்று கேட்டார். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். முன்பு ஒருநாள் விரிப்பு மாற்ற மோட்டாரை நிறுத்தியிருக்கிறாள். அதே நேரம் பக்கத்து அறையில் அவர் ‘போயிடுச்சு’ என்று கத்தியிருக்கிறார். அதற்குப் பிறகு விளக்கு எரியும்போதெல்லாம் மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிடுவாளாம் மனைவி. மெத்தை தட்டையாகிவிடும். முதுகு எரியும், பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாளாம்.

“உங்ககிட்ட சொல்லிடறேன்னு எத்தனையோ தடவை சண்டை போட்டேங்கய்யா. சொன்னா வாசிக்கிறதையே விட்டுடுவார், அந்தப் புள்ளைங்க பாடத்துக்கு எங்க போகும்னுட்டாங்க.”

ஒரு பாடம் முடிந்ததும் இன்னொன்று என்று அவர் வாசித்துக்கொண்டே போன மதியங்கள் உண்டு. நன்றாக அமைந்த நாட்களில் நேரம் போவதே தெரியாது.

நர்ஸின் கை இன்னும் ஸ்விட்சின் மேல் இருந்தது.

“ஓடட்டும்மா” என்றார்.

கூடத்துக்குப் போய் மின்விசிறியைப் போட்டார். ஃப்ரிட்ஜையும் போட்டார். அறைக்குத் திரும்பி ஹெட்போனை மாட்டிக்கொண்டார். எப்போதும் சாத்தும் கதவை இன்று சாத்தவில்லை. காதுக்குள் அந்த மோட்டாரின் முனகல் ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக இருந்தது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு கண்ணை மூடி, பிரார்த்தனையின் முதல் சொல்லை அந்தச் சுருதியிலேயே எடுத்தார்.