ஏழாவது முட்டுக்கால்

1.

இந்தக் கதை ஓர் உப்புப் பொட்டலத்தில் ஆரம்பித்தது. மடித்தவன் நான். பின்னால் யாராவது கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

கர்ந்தால் மலைக்குள், குள்ளர்களின் ஊரில், இருபத்திரண்டு வருடமாக உப்புக்கடை வைத்திருக்கிறேன். கூரையெல்லாம் அவர்கள் உயரத்துக்குத்தான். குனிந்தே நடந்து என் முதுகு அரிவாளாக வளைந்துவிட்டது. ஒருமுறை பழைய புத்தகம் ஒரு மூட்டை சும்மா கிடைத்தது. கிழித்துப் பொட்டலம் மடித்தேன். அவை மந்திரப் புத்தகங்கள் என்று எனக்குத் தெரியாது.

[தெரியும். ஆனால் நல்ல கெட்டித் தாள்.]

2.

முதல் தொடக்கம்: "கல்தச்சர் குலத்து வீரமங்கை ஓர்த்னி, தன் தாடியை வாரிப் பின்னி, விதியை எதிர்த்து"

அடித்துவிட்டேன். குள்ளர் பெண்களுக்கும் தாடி உண்டு, ஆனால் ஓர்த்னி ஒருநாளும் அதை வாரியவள் இல்லை. விதியோடு அவளுக்குச் சண்டையும் இல்லை.

இரண்டாவது தொடக்கம்: ஓர்த்னி வாரம் ஒரு பொட்டலம் உப்பு வாங்கினாள். பிறகு தினம் ஒன்று வாங்கினாள். இது நடந்தது. அவள் தம்பி கெம்மிர் கடைக்கே வந்து நின்றான்.

"என்னய்யா உப்புக்காரரே, எங்கக்காவுக்கு என்னத்த வித்துத் தொலைக்கிறீரு? காளான் கஞ்சிய வாயில வைக்க முடியல. கட்டிலுக்கடியில கூட உப்பு!"

"கேட்டா குடுக்கறேன். நான் என்ன பண்ணட்டும்?"

"உப்ப எவன் பாத்தான்? தாள நீவி நீவி அடுக்கறா. உக்காந்து படிக்கறா. நடுவுல ஒரு தாள் இல்லேன்னா அன்னிக்கு அவளுக்குச் சோறு எறங்கல."

விடுபட்ட தாள் மறுநாள் பொட்டலத்தில் போனது. தற்செயலாக அல்ல.

3.

இங்கே கதையை நிறுத்தி இரண்டு வழக்கங்களைச் சொல்லியாக வேண்டும்.

மலைக்குள் மரம் முளைக்காது. கீழ்நாட்டிலிருந்து வரும் மரமெல்லாம் சுரங்கக் கூரைக்கு முட்டுக்காலாகத்தான் நிற்கும். ஊற்றுக்குப் போக இருப்பது ஒரே வழி, அதில் ஒன்பது முட்டுக்கால்கள். கடக்கும்போது ஒவ்வொன்றையும் தொட்டு, நட்டவர் பெயரைச் சொல்ல வேண்டும். தொடாமல் போகிறவனுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள்.

இரண்டாவது: மந்திரக்கோலைத் தொட்டவர் மந்திரவாதி. கல்லை உளியால் கேட்க வேண்டும், வாயால் கேட்பது திருட்டு என்பது அவர்கள் கட்சி. மந்திரவாதிக்கு மலைக்குள் அடுப்பு மூட்ட உரிமை இல்லை. பனிக்காலமானாலும் வெளியேற வேண்டியதுதான்.

முந்நூறு வருடமாக இந்த இரண்டு வழக்கங்களும் ஒன்றையொன்று சந்தித்ததில்லை. ஓர்த்னிக்குக் கோல் வேண்டியிருந்தது. தன் அப்பா நட்ட ஏழாவது முட்டுக்காலை எடுத்துக்கொண்டாள். பதிலுக்குத் தன் கையாலேயே அருமையான கல்தூண் ஒன்றைச் செதுக்கி வைத்தாள்.

[இந்த இடத்தில் என் கதாநாயகி மேல் எனக்கே கோபம். மரம் முறிவதற்கு முன் முனகும். கல் முனகாது. ஒரு கல்தச்சிக்கு இது தெரியாதா? தெரியும். ஆசை வந்தால் தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது.]

பதினோராம் நாள் தூண் சத்தமில்லாமல் பிளந்தது. ஊற்றடியில் பதினெட்டுப் பேர் குடத்தோடு நின்றார்கள். ஓர்த்னி ஓடிப்போய்க் கோலைக் கூரையில் ஊன்றி, உப்புத்தாளில் படித்ததைச் சொன்னாள். கூரை நின்றது; கோலை விட்டால் விழும் என்று அவளும் அங்கேயே நின்றாள். பதினெட்டுப் பேரும் அவளைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

4.

இதுவரை எழுதியதைச் சுரங்கத் தலைவி ப்ரூனா வாங்கிப் படித்தாள். ஓர்த்னிக்கு அவள் சொந்த அத்தை.

"அவ திருடினான்னு எழுதினியா? எங்கண்ணன் நட்ட மரம் அது."

"எழுதியிருக்கேம்மா."

"புது மரம் வந்ததும் அவள வெளிய அனுப்பறதுன்னு தீர்ப்பாயிருக்கு. அதையும் எழுது. அவ காப்பாத்தின கதைய மட்டும் எடுத்துரு."

"எடுத்துட்டா கூரை எப்படிம்மா நிக்கும்?"

ப்ரூனா தாளை மடித்துத் தாடிக்குள் செருகிக்கொண்டு போய்விட்டாள். இந்தப் பகுதியில் மிச்சம் இருந்தது அவளிடம்தான் இருக்கிறது.

5.

பனி உருகி மரம் வர இன்னும் நாற்பது நாள். ஓர்த்னி நிற்க ஆரம்பித்து இன்றோடு ஒன்பது நாள். தூங்கவில்லை. இன்னொருவர் கோலைத் தொட்டால் பாதிப் பாரம் அவரிடம் போகும், அவள் கண்ணயரலாம். தாளில் அப்படித்தான் இருந்தது. மடிக்கும்போது படித்தேன்.

இப்போது ஏழாவது முட்டுக்கால் அந்தக் கோல்தான்; தொட்டாலும் குற்றம், தொடாவிட்டாலும் குற்றம். ஏழாவது வரும்போது கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று ப்ரூனா வழி சொல்லியிருக்கிறாள். பார்க்காத முட்டுக்காலைத் தொட வேண்டியதில்லையாம். ஊரே ஆறாவதைத் தொட்டு, கண்ணை மூடி, எட்டாவதில் திறக்கிறது. கெம்மிர் மட்டும் நீளக் கரண்டியால் அக்காவுக்குக் கஞ்சி ஊட்டுகிறான்.

"தொடுடா தம்பி. கொஞ்ச நேரம் போதும்."

"தொட்டா நானும் மந்திரவாதிக்கா. எம்புள்ளைங்கள எங்க கூட்டிட்டுப் போவேன், இந்தப் பனியில?"

"சரி, விடு. கஞ்சியில உப்பே இல்ல."

"உப்புன்னாலே கொமட்டுதுக்கா, ஒன்னாலதான்."

இருவரும் சிரித்தார்கள். கூரையிலிருந்து மண் உதிர்ந்தது. சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

6.

முடிவு ஒன்று: கெம்மிர் தொடுகிறான். (படித்துக் காட்டினேன். "எம்பேர எடுத்துருங்க" என்று அழுதான். எடுத்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: பனி சீக்கிரமே உருகுகிறது. (வாசலில் போய்ப் பார்த்தேன். உருகவில்லை.)

முடிவு மூன்று: அவள் கை மெல்ல

இதை என்னால் எழுத முடியாது.

நீ தொடலாமே என்பீர்கள். தொட்டால் என் கடை போகும், இந்த வயதில் வேறு எங்கே போவேன்? நேற்றுத் தண்ணீருக்குப் போனேன். ஆறாவதைத் தொட்டேன். பிறகு கண்ணை மூடினேன்.

"உப்புக்காரரே, தலை பத்திரம். கூரை தாழ்ந்திருக்கு" என்றாள் ஓர்த்னி.

வெட்கமாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

7.

உங்களை ஊற்று வழியாகத்தான் அழைத்து வந்திருக்கிறேன். ஆறு பகுதிகளைத் தாண்டிவிட்டீர்கள், இது ஏழாவது. கதையை விட்டு வெளியே போக வேறு வழி நான் வைக்கவில்லை. உங்கள் அடுப்பு இந்த மலைக்குள் இல்லை. ப்ரூனாவால் உங்களை ஒன்றும் செய்ய முடியாது.

கண்ணை மூடிக்கொண்டும் போகலாம். நான் போனேன்.

தொடுவதாக இருந்தால் நட்டவர் பெயரைச் சொல்ல வேண்டும். அவள் பெயர் ஓர்த்னி. குனிந்து வாருங்கள்.